சீசன் முடிந்த இடத்தில் உன் அம்மா

மகனே,

போனை எடுக்காதவனுக்குக் கடிதம் எழுதி மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்று உன் அம்மா கேட்கிறாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். நீ என் போனை எடுப்பதில்லை. ஆனால் போனில் வருகிற உன் படக்கதைக்குக் கீழே எவன் என்ன எழுதினாலும் ஒன்று விடாமல் படிக்கிறாய். போன மாதம் ஒருவன், கதாநாயகனின் செருப்பு ஒரு கட்டத்தில் கறுப்பாகவும் அடுத்த கட்டத்தில் பழுப்பாகவும் இருக்கிறது என்று எழுதியிருந்தான். அவன் எழுதிய சூடு ஆறுவதற்குள் 'நன்றி ப்ரோ, மாத்திட்டேன்' என்று பதில் போட்டிருந்தாய். செருப்புக்குப் பதில் சொல்கிறவன் அப்பனுக்கும் சொல்வான் என்ற நம்பிக்கையில் இதை அங்கேயே போடுகிறேன். ஊரே படிக்கட்டும். எங்களை ஊருக்குக் காட்டியவன் நீ, இனி நான் எதை மறைக்க? ஜீப்பை ஏலக்காட்டு ஓரத்தில் நிறுத்திவிட்டு, உள்ளே பெண்கள் காய் எடுத்து முடிக்கும்வரை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைக்கு இவ்வளவு எழுத்துதான் என்று அளவு வைத்திருக்கிறார்களாம், துண்டு துண்டாகத்தான் ஏறும். நீயும் தள்ளித் தள்ளிப் படி.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எதற்கெடுத்தாலும் கத்துகிற ஜீப் டிரைவர் நான்தான். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற அந்த அம்மா என் மனைவி. நாங்கள் இருவரும் ஆனைக்கரையில் உயிரோடு இருக்கிறோம். அவளுக்கு வயிற்றில் ஒரு கட்டி. வருகிற திங்கட்கிழமை கோட்டயத்தில் ஆபரேஷன். அவள் வரமாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால் உங்கள் அபிமானக் கதையைக் காட்டுகிறாள். அதைத்தான் எழுத வந்தேன்.

உனக்கு இந்தப் படக்கதைப் பைத்தியம் பிடித்ததற்கு நானும் உடந்தை. குமுளியில் தங்கியிருந்த ஜப்பான்காரர் ஒருவர் என் ஜீப்பில் ஒரு பை நிறையப் புத்தகங்களை விட்டுவிட்டுப் போனார். விடுதியில் கொண்டுபோய்க் கொடுத்தால், பாரம் குறையட்டும் என்று அவர் வேண்டுமென்றேதான் விட்டுப் போனார், நீயே வைத்துக்கொள் என்றார்கள். ஒவ்வொன்றும் செங்கல் தடிமன், மட்டமான தாள், உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. உனக்கும் எனக்கும் அந்த எழுத்து தெரியாது, படத்தைப் பார்த்தே படித்தோம். நம் புத்தகத்தைத் திறப்பதுபோல அதையும் திறந்தோம். முதல் பக்கத்தில் ஒருவன் வாள் பட்டுச் செத்துக் கிடந்தான். பிறகு எழுந்தான். வெட்டியவனோடு சண்டை போட்டான். பிறகு இருவரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஒன்றாகச் சோறு தின்றார்கள். கடைசியில் சின்னப் பையன்களாகி ஆற்றில் குதித்துக் குளித்தார்கள். சண்டைக்காரர்கள் சமாதானமாகி வயது குறைந்துபோகிற அருமையான கதை என்று நாம் இருவரும் வாயைப் பிளந்தோம். உன் அம்மா மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "செத்தவன் எப்படிங்க எந்திரிச்சான்?" என்று கேட்டாள். "ஜப்பான்காரன் கத, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் புத்தகங்களை வலது பக்கத்திலிருந்து திறக்க வேண்டும் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் உனக்குத் தெரிந்தது. விடுமுறைக்குக் கூட்டாளிகளை அழைத்துவந்து, "எங்கப்பா செத்தவன எந்திரிக்க வைக்கிறவரு" என்று என்னைக் காட்டிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் நாம் செய்தது அப்படி ஒன்றும் முட்டாள்தனம் இல்லை. புத்தகம் முழுதாக நம் கையில் இருந்தது. பின்னாலிருந்து வந்தாலும் முன்னால் போனாலும் நடுவில் பிரித்தாலும் அது சும்மா இருந்தது. அதன் பிறகு நீ வாங்கிவந்து பரணில் போட்டுவிட்டுப் போன ஆங்கில மொழிபெயர்ப்புகளையெல்லாம் ஜீப்பில் வைத்து, ஆள் ஏறும்வரை நேரம் போகப் படித்தேன். ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனாலும் ஒரு பக்கத்தில் எதைப் பெரிதாக வைத்திருக்கிறான், எதை மூலையில் ஒதுக்கியிருக்கிறான், எங்கே வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று பார்க்கத் தெரியும். நீ இப்போது கொண்டாடுகிற கொரியாக்காரன் மேல் எனக்குப் பகை இல்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். என் பகை எல்லாம் உன் மேல்தான்.

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில், போடியில் உன் அத்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தினோமே, அன்றே நாம் முட்டிக்கொண்டோம். நீ பெங்களூர் கம்பெனியில் சேர்ந்து, போனில் மேலிருந்து கீழாகத் தள்ளிப் படிக்கிற இந்தக் கதையைத் தொடங்கிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. கொரியாக்காரர்கள் கண்டுபிடித்த வடிவம் என்று தலைகால் புரியாமல் பேசினாய்.

"பக்கம்ங்கிறதே ஒரு சிறைப்பா. அச்சடிக்கிறவன் வச்ச அளவு. கொரியாக்காரன் அத ஒடச்சு விட்டுட்டான். இப்பத் தாளுக்கு அடியே கிடையாது."

"அடி இல்லாட்டிப் போகுது. அகலம்? இந்தா இங்கன நிக்கிற, கீழ போடி தெரியுது, அதுக்கு அங்கிட்டும் எம்புட்டோ தெரியுது. இத உன் போன் அகலத்துக்குள்ள எப்படி அடைப்ப? ஜப்பான்காரன் ரெண்டு பக்கத்தையும் சேத்துப் போட்டு ஒரே படமா விரிப்பான்."

"எதுக்குப்பா அகலம்? நம்ம ஊர்ல எல்லாமே மேலயும் கீழயுமாத்தான இருக்கு. ரோடு, வீடு, காடு, எதுவா இருந்தாலும் ஒண்ணு ஏறணும், இல்ல எறங்கணும். நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குப்பா இது."

டீ ஆறிப்போனதென்று கடைக்காரரிடம் எரிந்து விழுந்தேன். பிறகு வண்டியில் வரும்போது நீ விடாமல் பேசினாய். ஜப்பானில் பத்திரிகை ஆசிரியரின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும், இங்கே ஆனைக்கரைப் பையன் வரைந்ததை அன்றைக்கே கடல் தாண்டிப் படிக்கிறார்கள் என்றாய். வண்ணம் என்றாய், அசைவு என்றாய், நடுவே இசைகூடப் போடலாம் என்றாய். அதில் பாதி உண்மை என்று எனக்கும் பட்டது. நீ போன பிறகு அந்த மூடுபனி அத்தியாயம் வந்தது. எஸ்டேட் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப் பனியில் இறங்குகிறது. திரை முழுக்க வெள்ளை. தள்ளினால் இன்னும் வெள்ளை. ஒரு முகப்பு விளக்கு மட்டும் மங்கலாக வருகிறது, மறுபடியும் வெள்ளை, திடீரென்று ஒரு வளைவுக் கல், மறுபடியும் வெள்ளை. அதைத் தாளில் அடித்தால் வெறும் வெள்ளைத் தாள்தான். கட்டைவிரல் தள்ளும்போதுதான் அது தூரமாகிறது, அடுத்து என்ன வருமோ என்ற பயமாகிறது. கட்டிலில் படுத்துக்கொண்டுதான் பார்த்தேன், என் கால் பிரேக்கைத் தேடியது. இந்த மாதிரி ஒன்றை நான் படித்த எந்த ஜப்பான் புத்தகத்திலும் பார்க்கவில்லை. அன்று உன்னிடம் சொல்லவில்லை. இப்போதும் பாராட்டாகச் சொல்லவில்லை. அந்த வித்தையைக் கொண்டு அடுத்து நீ யாரை வதைத்தாய் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்கு முன், உன் அம்மா உன் கதையை எப்படிப் படிக்கிறாள் என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ போனில் வாய் கூசாமல் பொய் சொல்கிறவன். மஞ்சள் காமாலை வந்து அறையில் சுருண்டு கிடந்தபோது, "வேல ஜாஸ்திம்மா, அதான் குரல் ஒரு மாதிரி இருக்கு" என்றாய். அடுத்த மாதம் கதையில் உன் கதாநாயகன் கண்ணெல்லாம் மஞ்சளாகி வாடகை அறையில் படுத்துக் கிடந்தான், பக்கத்தில் யாரோ கொண்டுவந்து வைத்த கஞ்சி ஆறிப்போய் இருந்தது. உன் அம்மா உடனே உன்னைக் கூப்பிட்டு, "அது நீதானடா?" என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டாய். நீ விரும்பிய பெண் உன்னை விட்டுப் போனதும் எங்களுக்குக் கதையில்தான் தெரிந்தது. கல்லூரியில் ஒரு வருடம் போனதும் அப்படித்தான். நம் வீட்டுக் கூரையில் எந்த ஓடு ஒழுகும் என்பதுவரை சரியாக வரைந்திருக்கிறாய். அதனால் உன் அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். போனில் பேசுவது மகன் அம்மாவுக்குச் சொல்கிற சமாதானம். படத்தில் வருவதுதான் நடப்பு. அவளைப் பைத்தியம் என்று சொல்ல உனக்கு வாய் வராது, ஏனென்றால் இதுவரை அவள் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவளுக்கு வயிற்று வலி வந்தது. நீதான் வந்து கோட்டயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். பரிசோதனை முடிவு வந்ததும் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் உன் நம்பரைத்தான் கொடுத்தாய், அப்பாவுக்குப் பேசத் தெரியாது என்று. சரி, எனக்குப் பேசத் தெரியாது. முடிவு வந்ததும் போன் செய்து, "சாதாரணக் கட்டிதாம்மா, எடுத்துட்டாச் சரியாயிரும்" என்று சொன்னாய். அதே வாரம் உன் கதையில் அம்மாவுக்கு வயிற்று வலி வந்தது. படைப்பாளி சார், கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? அவள் வலி அவளுக்கே இன்னும் பழகவில்லை, அதற்குள் உனக்கு அது அத்தியாயமாகிவிட்டது.

அந்த அத்தியாயத்தை அவள் அடுப்படியில் நின்றபடியே பார்த்தாள். என்னைக் கூப்பிட்டாள். படத்தில் ஒரு நீளமான ஆஸ்பத்திரி நடை. தரை முகம் பார்க்கலாம்போலப் பளபளக்கிறது. ஆளுயரக் கண்ணாடிச் சன்னல், வெளியே வானத்தை முட்டுகிற கட்டிடங்கள்.

"என்னங்க, இது நம்ம கோட்டயம் ஆசுபத்திரி இல்லியே. என்னைய வேற எங்கயோ பெரிய எடத்துக்குக் கொண்டு போயிருக்காக. அப்ப இங்க வச்சுப் பாக்க முடியாதுன்னு சொல்லிட்டாக போல."

உடனே உனக்குப் போன் செய்தேன். அன்றைக்கு எடுத்தாய், எடுத்துச் சிரித்தாய். "அது கொரியா மாடல்ப்பா. கம்பெனி வாங்கி வச்சிருக்கு. எல்லார் கதைக்கும் அதே ஆசுபத்திரிதான்." வாராவாரம் அத்தியாயம் கொடுக்க வேண்டுமென்றால் ஒருவன் கோடு போடுவான், ஒருவன் வண்ணம் அடிப்பான், பின்னணியெல்லாம் தயாராக இருப்பதை எடுத்து வைப்பார்கள், ஜப்பானிலும் ஆள் வைத்துத்தான் வரைகிறார்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தாய். ஜப்பான்காரனுக்கு ஆள் இருக்கலாம். அவன் தன் அம்மாவைக் கடையில் வாங்கிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தானா என்று எனக்குத் தெரியாது. நீ சொன்னதை அப்படியே உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "ஒழுகுற ஓட்டக்கூட மாத்தாம வரைஞ்ச பய, ஆசுபத்திரிய மட்டும் மாத்துவானா?" என்றாள். இதற்கு நான் என்ன பதில் சொல்வது, நீயே சொல்.

அதற்கப்புறம் கடைசி அத்தியாயம். அம்மாவை உள்ளே கொண்டு போகிறார்கள். மகன் வெளியே நிற்கிறான். கதவு திறக்கிறது. டாக்டர் வருகிறார், முகக்கவசத்தை இறக்குகிறார், மகனைப் பார்க்கிறார், வாயைத் திறக்கிறார். பிறகு வெள்ளை. அதே மூடுபனி வெள்ளை. என் பெண்டாட்டி தள்ளினாள். வெள்ளை. இன்னும் தள்ளினாள். கடைசியில் ஒரு மூலையில் பொடி எழுத்தில், முதல் சீசன் நிறைவு, விரைவில் சந்திப்போம் என்று இருந்தது. எப்போது விரைவில் என்று கேட்டால் மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். அவள் அதை நம்பாமல் மறுநாளும் திறந்து தள்ளிப் பார்த்தாள். அதற்கு மறுநாளும். காய் எடுத்துவிட்டு வந்து கை கழுவியதும் போனைத்தான் எடுக்கிறாள். சும்மா வெள்ளையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறாள். புத்தகமாக இருந்தால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போயிருப்பாள். ஜப்பான்காரனின் மங்காவும் வாராவாரம் பத்திரிகையில் தொங்கலில் விட்டுத்தான் வருகிறது என்று நீ சொல்வாய், தெரியும். ஆனால் கொஞ்ச நாள் போன பிறகாவது அது ஒரு புத்தகமாகி, முதலும் முடிவுமாகக் கைக்கு வருகிறது. நீ கொடுத்ததற்கு முதல் மட்டும்தான் இருக்கிறது.

கீழே உன் வாசகர்கள் எழுதியிருந்ததையும் அவள் படித்தாள். 'அம்மா செத்தாத்தான் ஹீரோ மாறுவான்' என்று ஒருவன். 'இந்த அம்மாவை சீக்கிரம் முடிங்க ப்ரோ, கதை ஸ்லோ ஆகுது' என்று இன்னொருவன். அதற்குக் கைதட்டல் படம் போட்டவர்கள் எத்தனையோ பேர். உன் அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இந்தப் பிள்ளைகளுக்கு நான் என்னங்க செஞ்சேன்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு கீழே எழுதுவதை அவள் படிப்பதே இல்லை. தம்பிகளா, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அவள் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை.

சரி, நானே போய்க் கேட்டுவிடலாம் என்று கோட்டயம் பஸ் ஏறினேன். பீர்மேடு தாண்டுகிறவரை மழை. டாக்டர் அம்மா நல்ல மாதிரி. என்னை உட்காரவைத்து, "ஒண்ணும் பேடிக்கண்டா, சேட்டா" என்று மலையாளத்தில் தைரியம் சொல்லிவிட்டு, பயப்படுகிற கட்டி இல்லை, எடுத்துவிட்டால் தீர்ந்தது, ஆனால் தள்ளிப்போட்டால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், உடம்பு தாங்காது என்று விளக்கினார். மகனிடம் அன்றே எல்லாம் சொன்னேனே என்றும் கேட்டார். ஆக, நீ போனில் சொன்னது உண்மை. பிறந்ததிலிருந்து போனில் ஒரே ஒரு உண்மை சொன்னாய், அதை நம்ப ஆளில்லாமல் நீயே செய்துவிட்டாய். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். முழுவதையும் அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, "உங்ககிட்ட டாக்டரு வேற என்னத்தச் சொல்லுவாக? அவென் சொல்லி வச்சிருப்பான்" என்றாள். எதற்காக உடம்பை அறுத்துக்கொண்டு சாக வேண்டும், முழுசாகவே போய்விடுகிறேன் என்கிறாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொல்கிறாள்.

அதன் பிறகுதான் உன்னிடம் அந்தப் பேச்சுப் பேசினேன். ஊர் தெரிந்துகொள்ளட்டும், அதையும் எழுதுகிறேன்.

"கதவுக்கு அங்கிட்டு என்னன்னு ஒரு படம், ஒண்ணே ஒண்ணு, உங்கம்மாவுக்கு வரைஞ்சு அனுப்புடா" என்றேன்.

"முடியாதுப்பா. ஸ்பாய்லர் ஆயிரும். சீசன் ரெண்டு வர்ற வரைக்கும் யாருக்கும் எதையும் காட்டக் கூடாதுன்னு கம்பெனில சொல்லியிருக்காங்க."

"அவ யாரோவாடா?"

நானே இறங்கி வந்தேன்.

"சரி, வரைய வேணாம். வாயாலயாச்சும் சொல்லு. கதையில அவ பொழைக்கிறாளா, இல்லியா?"

"இன்னும் முடிவு பண்ணலப்பா. எந்த எடத்துல ஆளுக விட்டுட்டுப் போறாங்க, கமெண்ட்ல என்ன கேக்குறாங்கன்னு பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவோம்" என்றாய்.

நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. ஜப்பானிலும் வாசகர்கள் ஓட்டுப் போட்டுத்தான் கதை நிற்பதும் போவதும் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். ஆக, அங்கும் இங்கும் கூட்டம்தான் முதலாளி. அப்படியானால் கொரியாவா ஜப்பானா, தாளா போன் கண்ணாடியா என்று போடிமெட்டில் நின்று நாம் போட்ட சண்டை எல்லாம் வெட்டிச் சண்டை. எந்த வடிவத்தில் வரைந்தாலும், கடைசியில் வரைகிறவன் தன் அம்மா முகத்தைப் பார்த்து ஒன்று சொல்லத் துணிகிறானா இல்லையா என்பதுதான் கேள்வி. நீ துணியவில்லை. உனக்குத் திறமை இருக்கிறது, அந்த மூடுபனியை வரைந்தவனுக்குத் திறமை இல்லை என்று நான் சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஆனால் திறமையை வைத்துக்கொண்டு நீ கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாய். எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. கம்பெனி, ஸ்பாய்லர் என்பதெல்லாம் சாக்கு. டாக்டர் நல்லதாகச் சொன்ன பிறகும் உனக்குப் பயம். ஆபரேஷன் என்ற சொல்லே பயம். அவளை எழுப்பி நிற்கவைத்து வரைந்துவிட்டு, திங்கட்கிழமை வேறு மாதிரி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று உன் கை நடுங்குகிறது. நடுங்கட்டும். எனக்கும் நடுங்குகிறது. நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டா உட்கார்ந்திருக்கிறேன்?

புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நம் ஜீப்பில் முன்சீட்டு யாருக்கு என்று உனக்குத் தெரியும். காட்டு வேலைக்கு எல்லாரையும்விட முன்னால் வந்தவள் யாரோ அவளுக்குத்தான் டிரைவர் பக்கத்து இடம். வேறு ஒருத்தி தெரியாமல் ஏறினால்கூடப் பின்னால் இருப்பவர்கள் விடமாட்டார்கள். அவள் வேலையை விட்டால் அல்லது செத்தால்தான் அந்த இடம் அடுத்தவளுக்குப் போகும். உன் அம்மா அங்கே உட்காருவது நான் டிரைவர் என்பதற்காக அல்ல, அவளாகச் சம்பாதித்தது அது. புதன்கிழமை காலையில் லயத்து வீடுகளுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். உன் அம்மா முன்கதவைத் திறந்து, எஸ்தரைக் கூப்பிட்டாள். அவளுக்கு அடுத்து வேலைக்கு வந்தவள் எஸ்தர்தான்.

"இனி நீ இங்கன உக்காரு, எஸ்தரு."

"எதுக்குக்கா?"

"சொன்னா உக்காரு. நான் பின்னாடி ஏறிக்கிறேன்."

எஸ்தர் உட்காரவில்லை. அழுதுகொண்டே பின்னால் ஏறிவிட்டாள். உன் அம்மாவும் பின்னால்தான் ஏறினாள். ஒருத்தி மடியில் ஒருத்தியாக எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள், என் பக்கத்துச் சீட்டு காலியாகவே வந்தது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் ஓட்டுகிறேன். மூடுபனியில் ஓட்டியிருக்கிறேன், மண் சரிந்த வளைவில் ஓட்டியிருக்கிறேன், இப்படி ஓட்டியதில்லை. இதை நீ வரைந்துவிடாதே. வரைந்தால் கையை ஒடிப்பேன்.

நேற்று எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. நீதான் வரையமாட்டாய், நானே வரைகிறேன் என்று காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் வரைந்தேன். கதவு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில், டாக்டர், உன் அம்மா. மூச்சு முட்ட வரைந்து அவள் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாருங்க, கோழியா?"

"டாக்டரு."

"நான் எங்க?"

காட்டினேன். சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். "எனக்கு ரெண்டும் இடது கையா இருக்கு" என்று சொல்லி மறுபடியும் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அப்போதுதான் தோன்றியது. சிரித்து முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க நான் பொழைக்கணும்னு வரைஞ்சிருக்கீக. அவென் பாத்தத வரைவான். அவென் வரையட்டும். நான் நிக்கிறேனா, படுத்துக் கெடக்கேனான்னு மட்டும் பாத்துட்டு வண்டியில ஏறிக்கிறேன்."

இவ்வளவுதான் அவள் கேட்பது. இரண்டாம் சீசனில் அந்த அம்மாவை நீ என்ன செய்தாலும் நான் கேட்கமாட்டேன். கொல், எரி, கொரியாவுக்கே அனுப்பு. அப்போது இவள் காட்டில் காய் எடுத்துக்கொண்டிருப்பாள், உன் கதை வெறும் கதைதான் என்று அவளுக்கே தெரிந்துபோயிருக்கும். உன் கம்பெனிக்குப் பயமாக இருந்தால், அவள் பார்த்தவுடன் நானே அந்தப் படத்தை அடுப்பில் போட்டுவிடுகிறேன். திங்கட்கிழமை காலை கோட்டயத்துக்கு ஜீப் எடுக்கிறேன். அதற்கு முன்னால் வா. வரும்போது வரைந்து எடுத்து வா. போனில் அனுப்பாதே, போனில் வந்தால் இன்னும் ஏதாவது வரும் என்று அவள் தள்ளிக்கொண்டே இருப்பாள். தாளில் வரை. அவளை நிற்க வைத்து வரை. அதற்குக் கீழே ஒன்றுமில்லை என்று அவள் தன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அப்பா